ஒரு செக்கனுக்குள் இரண்டு பதிவு

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் இருந்தபடியே கொழும்புக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள் அருள்செல்வி. தன் வேலையில் பிழை இருக்காது என்று நம்புவாள். அப்படியே பிழை இருந்தாலும் தானே பிடித்துவிடலாம் என்று அதைவிடப் பலமாக நம்புவாள். அந்தத் திமிர் அவளுக்கு அழகு.

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் லயத்து ஆட்கள் பாடசாலைக்கு வந்துசேர்ந்ததைப் பதிய, ஓர் இணையப் பதிவேடு செய்து கொடுத்தாள். பதிகிற பொறுப்பு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஜெயந்திக்கு. ஒத்திகை நாளில் அறுபத்து நான்கு பேரும் வந்தாயிற்று என்று திரை காட்டியது. எல்லோரும் கலைகிற நேரத்தில் லயத்து அழகமுத்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் குளித்துக்கொண்டிருந்தாராம்.

“வராத ஆளுக்குப் பேர் போட்டிருக்கீங்களே,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அருள்செல்வி மடிக்கணினியைத் திறந்தாள். நிஜ மழையாக இருந்திருந்தால், திரையை நம்பி மீட்புக் குழு அவரைத் தேடிப் போயிருக்காது.

தேடிப் பார்த்ததில் ஜெயந்தியின் பழக்கம் அகப்பட்டது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் செய்வது போல முதலில் ஒரே அமுக்கில் எல்லோருக்கும் பேர் போட்டுவிட்டு, பிறகு வராதவரை வெட்டியிருக்கிறாள். அவள் விரலோ பொல்லாத வேகம். இரண்டும் ஒரே செக்கனுக்குள் முடிந்துவிட்டன. தரவுத்தளம் நேரத்தைச் செக்கன் வரைக்கும்தான் வைத்திருந்தது. எது பிந்தியது என்று தெரியாமல் பழையதையே காட்டிவிட்டது.

மீட்புக் குழுவுக்குத் தலைவனான, அருள்செல்வியின் அண்ணன் அமல்ராஜுக்கு இதைத் திருத்துவது வீண் வேலையாகப் பட்டது. ஒரு செக்கனுக்குள் அப்படி என்ன நடந்துவிடப்போகிறது என்று கேட்டான்.

“ஜெயந்தியக்கா கையில ரெண்டு வேலை நடக்குது அண்ணே,” என்றாள் அவள்.

நேரத்தை வைக்கும் இடத்தில் செக்கனுக்குப் பின்னால் இன்னும் ஆறு இலக்கம் பிடிக்கும்படி மாற்றினாள். ஆனாலும் ஆறும் பூச்சியமாகவே வந்தன. ஒரு மணிநேரம் எரிச்சலோடு குடைந்த பிறகுதான் புரிந்தது: பாத்திரம் பெரிதாகியும் ஊற்றுகிறவர் பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். பதிவேட்டை எழுத அவள் பயன்படுத்திய ஆயத்த மென்பொருளான வலைச்சட்டகம், தரவுத்தளத்துக்கு அனுப்பும் முன்பே செக்கனோடு நேரத்தை வெட்டியது. அதையும் திருத்தினாள். பிறகு ஜெயந்தியைப் பத்துத் தடவை அமுக்கச் சொன்னாள். பத்துத் தடவையும் சரி.

கார்த்திகை மாதம் மூன்று நாள் விடாத மழை. காலை பத்து மணிக்கு எச்சரிக்கை வந்தது. பாடசாலையில் ஜெயந்தி வழக்கம்போல எல்லோருக்கும் பேர் போட்டு, அதே வேகத்தில் ஒருவரை வெட்டினாள். திரையில் அறுபத்து மூன்று பச்சை, ஒரு சிவப்பு. அழகமுத்து.

திரையைப் பார்த்ததும் அமல்ராஜ் இரண்டு பேரோடு ஓடினான். லயத்துக்குப் பின்னால் ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பாடசாலைப் படி ஏறும்போது பின்னால் மலை இரைந்தது. கடைசி நான்கு வீடுகள் மண்ணுக்குள் போயின. அதில் ஒன்று அழகமுத்துவுடையது.

அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஜெயந்தியின் மேசைக்கு வந்தார்.

“இப்ப பேர் போடு தாயி,” என்றார். “வந்துட்டேன்.”