தம்பியின் முழங்கை மச்சம்

எழுபதுகளின் நடுவில், கோவளத்தில் நடந்தது இது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, மேலே ஓலை, அவ்வளவுதான். கணக்கு வாத்தியாருக்குப் பயந்து ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கும் ஆபீஸ் படி ஏறுவதென்றால் எனக்குப் பயம். என் தம்பி அப்படியில்லை. எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த ஒரே ஆள். செங்கல்பட்டு வேலைவாய்ப்பு ஆபீஸில் பெயரைப் பதிந்துவிட்டு மூன்று வருஷம் காத்திருந்தான். கடைசியில் மஞ்சள் காமாலை வந்து, இருபத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவனை அடக்கம் செய்து நான்கு மாதம் கழித்து அந்த ஆபீஸிலிருந்து ஓர் அட்டை வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சான்றிதழோடு நேரில் வரச் சொல்லி அவன் பெயருக்கு. தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மிஷின் மேலே வைத்துவிட்டுப் போனார்.

சேதி கேட்டு மாமல்லபுரத்திலிருந்து மாமு வந்தார். அம்மாவின் தம்பி. கோயில் பார்க்க வருகிறவர்களுக்குச் சிப்பி மாலை விற்கிறவர். அவர் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது.

"இன்னாடா இடி வுழுந்த மாரி குந்திகினு கீற? நல்ல சேதி தானே வந்து கீது. எம் மச்சினன் புள்ள ரெண்டு தபா பரீட்ச எழுதி ரெண்டு தபாவும் கோட்டு அடிச்சான். அவன அனுப்பலாம்."

"அவன் பேரு வேற மாமு."

"வேலைக்குப் போறது பேரா, ஆளா? உந்தம்பி புக்குல போட்டாவா ஒட்டி கீது? பேரு, அத்தா பேரு, பொறந்த தேதி. மனப்பாடம் பண்ணா முடிஞ்சுது. உயிரோட கீற ஒருத்தன் பொழச்சிட்டுப் போறான். இதுல உனக்கு இன்னா பேஜாரு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "வேலக்கிப் போனா எம்புள்ள பேரச் சொல்லி தெனம் ஒருத்தர் கூப்புடுவாங்க இல்ல? கூப்புடட்டுமே" என்றது.

தகரப் பெட்டியிலிருந்து தம்பியின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்கும். மாமு அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்: இடது முழங்கைக்கு மேல் ஒரு கறுப்பு மச்சம். "இதுக்கும் வழி கீது" என்று சிரித்துவிட்டுப் புத்தகத்தையும் அட்டையையும் மடியில் செருகிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. காஜா எடுக்கும்போது ஊசி விரலில் ஏறியது. அந்தப் பையன் நாளைக்கு ஒரு தப்பு செய்து, போலீஸ் தம்பியைத் தேடி வந்தால்? அம்மாவைக் கூட்டிப்போய் விசாரித்தால்? அவன் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயரைப் போடுவானோ? அவனுக்குப் பிறக்கும் பிள்ளைகள் என் தம்பியையா அத்தா என்று எழுதும்? கவலைப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அந்தப் பையனே கடைக்கு வந்தான். என் தம்பி வயதுதான். வெள்ளிக்கிழமைக்கு ஒரு வெள்ளைச் சட்டை வேண்டுமாம்.

"முழுக்கையா, அரைக்கையா?"

"அரைக்கைண்ணே. கையி தெரியணும்னு மாமு சொல்லிக்கிறாரு."

டேப்பை எடுத்துத் தோளிலிருந்து இடது கையை அளந்தேன். முழங்கைக்குச் சற்று மேலே, மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புண். சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"இன்னாப்பா இது?"

"சேங்கொட்டண்ணே. சலவைக்காரரு துணிக்குக் குறி போடுவாரே, அதான். மாமு வெச்சி வுட்டாரு. ஆறிச்சின்னா மச்சம் மாரியே நின்னுடுமாம். எரிச்சல்தான் தாங்கல."

அளவு நோட்டைப் பிரித்து, பழக்கத்தில், "பேரச் சொல்லு" என்றேன்.

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு என் தம்பியின் பெயரைச் சொன்னான். "இனிமே நீயும் அப்டியே கூப்புடுண்ணே. பழகிக்கணும் இல்ல?"

அந்தப் பெயரில் என் நோட்டில் ஏற்கெனவே ஓர் அளவு இருந்தது. தம்பியின் மையத்தை, உயிர் போன உடலை, குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். இடது பக்கம் தண்ணீர் ஊற்றும்போது அந்த மச்சத்தை நான் பார்த்தேன். கபுருக்குள், மண்ணுக்கடியில், அவனோடு போன மச்சம் அது. அதைப் போய் இன்னொருவன் கையில் சுட்டு வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது, கொடுத்தது புத்தகத்தை மட்டும் அல்ல என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கும்தான் வலித்தது.

மறுநாள் காலையில் கிராம முன்சீப் வீட்டுக்குப் போனேன். தம்பி இறந்ததற்கு ஒரு தாள் எழுதித் தரச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"எறந்ததா இதுல இல்லியே. யார் வந்து எழுதி வெச்சது?"

"பள்ளிவாசல் நோட்டுல எழுதியாச்சுங்க. பாங்கு சொல்ற மோதினார் என் எதுக்கவே எழுதினாரு."

"அந்த நோட்டு தாலுக்கா ஆபீசுக்கா போவுது? சர்க்காருக்கு உந்தம்பி இன்னும் உசுரோட இருக்கான்யா!"

அப்போதுதான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் யாருக்குமே அது தெரியாது. மையத்தானால் பள்ளிவாசல் நோட்டில் எழுதுவோம், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று இருப்போம். நான்கு மாதமாகத் தம்பியின் பெயர் பூட்டாத வீடு மாதிரி கிடந்திருக்கிறது. மாமு நுழைந்ததில் என்ன ஆச்சரியம்? முன்சீப் நன்றாகத் திட்டிவிட்டு, பள்ளிவாசல் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்துத் தாமதப் பதிவு என்று எழுதி, ஒரு தாளும் கொடுத்தார்.

புதன்கிழமை திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். பையைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துத் தாளே கசங்கிப் போனது. அந்தப் பையனை மாட்டிவிடக் கூடாது, கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. ஆபீஸ் ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா இருந்தார்.

"வெள்ளிக்கிழமைதானே வரச் சொன்னோம்? அட்டை எங்க?"

"அட்டை இல்ல சார். ஆளு... ஆளு வரமாட்டாரு."

"வேலை வேண்டாமா? அதை அவரே வந்து எழுதிக் கொடுக்கணும்."

"அவரு வந்து எழுதிக் குடுக்க முடியாது சார். மௌத்தாப் பூட்டாரு."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அவன் போன அன்று வராத அழுகை. குமாஸ்தா தாளை வாங்கிப் படித்தார். எழுந்து போய் ஒரு கட்டிலிருந்து தம்பியின் பதிவு அட்டையை உருவி வந்தார். அதில் அவன் கையெழுத்து இருந்தது. சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, இறந்துவிட்டார் என்று எழுதித் தேதி போட்டார்.

"இதைச் சொல்றதுக்குன்னு பஸ் பிடிச்சு யாரும் வர்றதில்லப்பா" என்றார். "நல்லதாப் போச்சு. அடுத்த பேருக்கு இன்னிக்கே அட்டை போட்டுடறேன்."

"அது யாரு சார்?"

"யாரா இருந்தா உனக்கென்ன? உன் தம்பிக்கு அப்புறம் பதிஞ்சவன். அவனும்தான் மூணு வருஷமாக் காத்திருக்கான்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவன் பேர அழிச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டது. "அழிக்கலம்மா. அவன் போய்ட்டான்னு எழுதிட்டு வந்தேன்" என்றேன். மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தட்டில் மீன் வைக்கும்போது, "ஒரு பேர ரெண்டு பேரு வெச்சிக்க முடியாதுதான்" என்றது, என்னைப் பார்க்காமலே.

பையன் வெள்ளிக்கிழமை போய் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வியாழக்கிழமையே மாமுவுக்குச் சொல்லி அனுப்பினேன். மாமு வந்து புத்தகத்தை மிஷின்மேல் விசிறிவிட்டு, "பெரிய அரிச்சந்திரன்! ஒரு பையன் சோத்துல மண்ண வாரிப் போட்டுட்ட" என்று கத்திவிட்டுப் போனார். அந்தப் பேச்சு என்னை வெகுநாள் உறுத்தியது. அந்தப் பையனுக்குச் சட்டையைத் தைத்து வைத்திருந்தேன். அவன் வந்தபோது அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்சம் முறைத்தான், பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டான். அடுத்த வருஷம் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, நன்றாகவே பிழைத்தான்.

இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் நான் நினைத்துக்கொள்வது அந்த அடுத்த ஆளைத்தான். எந்த ஊர், யார் பிள்ளை, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் அவனைக் கூப்பிட்ட பெயர், அவனைப் பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர்தான் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.