நிலம் அவனுடையது, மரம் அவளுடையது

நான் புவியியல் கற்பித்த தீவைக் குறுக்கே நடந்து கடக்கப் பத்து நிமிடம் போதும். மேற்கே ஆழமற்ற பச்சை நீர். கிழக்கே திறந்த கடல். இடையில் பவளப்பாறை பொடிந்த வெண்மணல், தென்னைகள், அவற்றின் அடியில் நெருக்கியடித்த வீடுகள். என்னைவிட உயரமான மேடு அங்கே இல்லை. மலை என்றால் என்னவென்று விளக்க வகுப்பில் மணலைக் குவித்தேன். மலையின்மேல் இருப்பவர்கள் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள்.

நிலம் அவ்வளவு குறைவு என்பதால் மண் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரம் வேறொருவருக்கும் உரியதாக இருப்பது அங்கே இயல்பு. அடிமரத்தில் மரத்துக்காரரின் குறி வெட்டப்பட்டிருக்கும். நிலத்துக்காரர் அதைத் தொடமாட்டார். அங்கு செவிலியாக இருந்த என் மனைவிக்கு, அவள் பிரசவம் பார்த்த வீட்டார் ஒரு தென்னையைக் கொடுத்தார்கள். ஒரு பிறை, கீழே இரண்டு கோடுகள்: இது அவள் குறி. ஓய்வுபெற்று, அவள் பிறந்த ஜவ்வாது மலைக்கு நாங்கள் வந்த பின்னரும், மரம் எப்படிக் காய்த்தது என்று தொலைபேசியில் சொல்வார்கள். சென்ற மாதம் அவள் இறந்ததைத் தெரிவித்தேன். மரம் அவளுடையதாகவே நிற்கும் என்றார்கள்.

இங்கே அவள் நட்டது ஒரு பலா. அது எங்கள் வேலிக்கு அப்பால், தங்கும் விடுதி நடத்தும் அவள் தம்பியின் நிலத்தில் நிற்கிறது. நடும்போது அவன்தான் குழி தோண்டினான். காரியம் முடிந்த மறுவாரம் வந்தான்.

"மாமா, நாளைக்கு மரம் வெட்ட ஆள் வர்றாரு. நம்ம விடுதிக்கு வர்ற வண்டிங்க திரும்ப எடமில்ல."

"அது உங்க அக்கா மரம்."

"நட்டது அக்காதான். எடம் என்துங்களே."

தீவின் வழக்கத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"இங்க இன்னா கடலா கீது, தீவு சட்டம் பேசறீங்க?"

"கடல் இல்ல. மரம் இருக்கு."

விடிந்ததும் உளியோடு வேலியைத் தாண்டினேன். பிறையை முடிப்பதற்குள் பலாப்பால் விரல்களை ஒட்டிவிட்டது. இரண்டாவது கோட்டை வெட்டும்போது மைத்துனனும் மரம் வெட்டுபவரும் வந்து நின்றார்கள். வெட்ட வந்தவர் இந்த மலையிலேயே சாமை விதைப்பவர். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பட்டையைப் பார்த்தார்.

"இது இன்னாங்க சார்?"

"மரத்துக்காரியோட குறி."

அவர் மைத்துனனைப் பார்த்தார். "அவங்கள கேட்டியா?"

"இன்னாத்த கேக்கறது? அக்காதான் போய்ட்டாங்களே."

"அப்போ வெட்டுன்னு சொல்ல ஆளில்ல. எனக்கு இன்னாத்துக்குப்பா இந்த வம்பு?" ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேற ஆள கூட்டிட்டு வர்றேன், மாமா," என்றான் மைத்துனன். குரலில் கோபம் இருந்தது. கண் அந்தப் பிறையைவிட்டு நகரவில்லை.

"கூட்டிட்டு வா. அவருக்கும் காட்டறேன்."

அவர்கள் போனபின் இரண்டாவது கோட்டை முடித்தேன். முதல் கோட்டைவிட ஆழமாகவே வெட்டினேன்.