அப்பாவின் பக்கத்து இருக்கை

அப்பாவின் ஈரிழைத் துண்டில் எப்போதும் டீசலும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். மழைக்காலத்தில் அது கொடியில் காயாமல் தொங்கும்போது எங்கள் வீடே அவருடைய கம்பெனி பஸ்ஸின் உட்புறம்போல மணக்கும். ஹைதராபாத்தின் தார்நாகாவில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையிலிருந்து, நகரத்தின் மறுகோடியான ராமச்சந்திராபுரத்தில் இருந்த ஆலைக்கு அந்த பஸ் காலை ஏழு மணிக்குக் கிளம்பும். முதலில் ஏறுகிறவர்கள், வழியில் ஏறப்போகும் கூட்டாளிக்காகப் பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போவார்கள். அதற்கு "சீட்டுப் பிடிக்கிறது" என்று பெயர். கூட்டாளி ஏறியதும் துண்டை எடுத்துத் தூங்குகிறவர் மடியில் வைத்துவிட்டு உட்காருவார். ஆலை வாசலில் டீ குடிக்க முந்திக்கொண்டு இறங்கியும்விடுவார். விழிக்கும்போது துண்டு மடியில் இருந்தால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். அப்பாவின் கூட்டாளி தனபால் மாமா, அடுத்த பகுதியான மெட்டுகூடாவில் ஏறுகிறவர்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருடத்து மழைக்காலத்தில் எங்கள் அடுத்த வீட்டு ராஜாமணி மாமா கொலையானார். அவரும் அதே ஆலைதான்; அந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிப்டு. பஸ் போன சற்று நேரத்தில், அவர் மனைவி மீனாட்சி அத்தை, மகள் கவிதாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியபோது மாமா சமையலறைத் தரையில் கிடந்தார். அன்று என்னைப் பள்ளியிலிருந்து சீக்கிரம் கூட்டிவந்த அம்மா, அடுத்த வீட்டுப் பக்கம் பார்க்கவிடாமல் என் முகத்தைத் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டே நடந்தது இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது.

ஹைடெக் சிட்டி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கம் ராஜாமணி மாமாவும் தனபால் மாமாவும் சேர்ந்து வாங்கியிருந்த மனைக்காக இருவருக்கும் வாய்த்தகராறு நடந்ததை அத்தை கேட்டிருந்தாள். போலீஸாரிடம் அதைச் சொல்லவும் செய்தாள். அவர்கள் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அப்பாவை விசாரித்தார்கள். தனபால் அன்று தன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார் என்று அப்பா சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று தெருவே அறிந்த மனிதர். தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தூங்கி வந்த மற்றவர்களும், அப்பா சொன்னபிறகு, ஆமாம் என்றார்கள். ஆலையின் பதிவிலும் தனபால் மாமா நேரத்துக்கு வந்ததாகவே இருந்தது. ஊரைச் சுற்றிப் போகும் அந்த பஸ்ஸை ஸ்கூட்டரில் முந்திவிடலாம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் அத்தை எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க அவரு மொகத்தப் பாத்தீயளா?"

"பக்கத்துல உக்காந்து வந்தவரப் பாக்காம இருப்பேனா தாயி?"

அதன் பிறகு போலீஸாரின் கேள்வியெல்லாம் அவள் பக்கம் திரும்பியது. சாட்சியில்லாததால் அவள்மேல் வழக்கு நிற்கவில்லை. ஆனால் சந்தேகம் அவள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. பால் வாங்கும் இடத்தில் அவள் வந்ததும் பேச்சு அடங்கும். பள்ளியில் கவிதாவைக் காட்டி, "நக்கோ, வேணாம், அவகூடச் சேராத" என்றார்கள். கவிதாவைத் தென்காசிக்கு, அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நீயும் ஊருக்குப் போயிரேன்" என்று அம்மா சொன்னபோது அத்தை, "ஓடுனா நாந்தான்னு ஆயிரும் மதினி" என்றாள். தனபால் மாமாவோ ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார். "ஏட்டி, மாமாவுக்கு வாயத் தொறந்து பதில் சொல்லு" என்று அப்பா என்னைக் கடிந்துகொள்வார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். எந்த வீட்டிலும் வாயைத் திறக்காத பிள்ளையாக நான் ஆனது அந்த வருடங்களில்தான்.

எனக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்தபிறகு அப்பா ஓய்வு பெற்றார். அவரை மாலையோடு வீட்டுக்கு அழைத்துவந்த சக ஊழியர்களுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. தனபால் மாமாவும் பந்தியில் இருந்தார். பஸ் கதைகளாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அந்த பஸ்ஸிலேயே தமிழ் கற்றுக்கொண்ட தெலுங்குக்காரர் ஸ்ரீனு என்பவர் தொடங்கினார்.

"சார், உங்க துண்டுக்கு நான் நமஸ்காரம் பண்ணணும். அப்ரண்டிஸா சேர்ந்த மொதல் நாள். மழை, நிக்கக்கூட இடம் லேது. மெட்டுகூடா தாண்டியும் உங்க பக்கத்து சீட்டு மட்டும் காலி. துண்ட எடுத்து உங்க மடியில வெச்சுட்டு உக்காந்துட்டேன். நீங்க கண்ணே தொறக்காம 'வாங்க தனபாலு'ன்னீங்க. எழுப்பிடுவீங்களோன்னு கேட் வரைக்கும் நான் மூச்சு விடல."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ, "அப்ப தனபால் எங்கய்யா போனாரு?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"அவர் வரவே லேது. சாயந்திரம் திரும்பி வந்தா இந்தத் தெருவுல போலீஸ் ஜீப்பு. புதுப் பையன், என்னை யாரும் எதுவும் கேக்கல. வேலைக்குச் சேர்ந்த நாளு, மறக்குமா?"

ரசம் ஊற்ற வந்த நான் அப்படியே நின்றேன். அப்பா தனபால் மாமாவின் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடங்களில் அவர் அந்த முகத்தை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. தனபால் மாமா இலையை மூடினார். "பழைய கத, யாருக்கு ஞாபகமிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தவர், திரும்பி வரவில்லை.

விருந்தாளிகள் போனதும், "இத்தன வருசங்கழிச்சுப் போய்ச் சொன்னா உங்களத்தான் உள்ள வைப்பாங்க" என்று அம்மா அழுதாள். "வைக்கட்டும்" என்றார் அப்பா. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, சந்தனக் கறை படிந்த சட்டையோடு, ஸ்ரீனுவையும் அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடந்தார்.

அப்பாவின் வார்த்தைதான் அதுவரை சுவராக நின்றிருந்தது. அது விழுந்ததும் தனபால் மாமாவின் மனைவி பேசினார். அன்று காலை பஸ்ஸுக்கென்று கிளம்பிப் போன கணவர் வீட்டுக்குத் திரும்பி வந்ததையும், ரத்தம் பட்ட சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போனதையும், சொன்னால் தனக்கும் அதே கதிதான் என்று மிரட்டியதையும் சொன்னார். வழக்கு முடிய மேலும் சில வருடங்கள் ஆயின. கூண்டில் நின்ற அப்பாவிடம், அப்படியானால் அன்று நீங்கள் யாரைத்தான் பார்த்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "மொகத்தப் பாக்கல. மடியில துண்டத்தான் பாத்தேன்" என்றார் அப்பா.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று, நீதிமன்ற வராந்தாவில் அத்தை எங்களிடம் வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் கவிதா, என்னை அடையாளம் தெரிந்தும் தெரியாதவள்போல நின்றாள். அப்பா கைகூப்பினார். அத்தை அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"ஒரே ஒரு தடவ கண்ணத் தொறந்திருக்கலாமே அண்ணாச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார்.

இப்போது அப்பா இல்லை. அத்தை கவிதாவோடு தென்காசிக்குப் போய்விட்டாள். இரண்டு வீடுகளும் இருந்த இடத்தில் ஒரே அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. பஸ் கிளம்பிய தெருமுனைக்கு நேரே மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதில் யாரும் யாருக்காகவும் துண்டு போட்டு வைப்பதில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறவள் நான். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், ஒரு தடவையாவது திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.