வீட்டோடு சேர்ந்தவை

அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். முதலில் புருஷனின் தம்பி தங்கைகள் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டுப் பால்காரர் கூப்பிட்டார். பால்காரரைக் கேட்டுத் தபால்காரரும், மீட்டர் பார்க்க வருகிறவரும் கூப்பிட்டார்கள். மாமனார்கூடக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போய் ஒருநாள், "அண்ணி, கொஞ்சம் தண்ணி" என்று கேட்டார். அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வீட்டில் யார் என்ன பெயரில் கேட்டாலும் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள்தான்.

இருபத்தோரு வயதில் வந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுப்படியில் நிற்க ஆள் இல்லை, அதனால் மூத்த பையனுக்கு அவசர அவசரமாகப் பெண் பார்த்தார்கள். கல்யாணம் ஆன மறுநாள் காலையில் அவள் படி இறங்கி வந்தபோது மூன்று பேர் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெரியவன் பின்னால் இன்ஜினியர் ஆனான். நடுவில் இருந்தவள் டீச்சர் ஆனாள். கடைசியில் இருந்தது நாலு வயதுச் சின்னவன். அவன் தட்டை வைத்துவிட்டு நேராக வந்து அவள் இடுப்பில் ஏறிக்கொண்டான். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இறங்கவில்லை.

புருஷன் பதினோராவது வருஷம் போய்விட்டான். பிள்ளை இல்லை. அவள் மாடியில் இருந்த முன்னறையைக் காலிசெய்து, அடுப்படிக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு இறங்கி வந்தாள். முன்னறை விருந்தாளிகளுக்கு வேண்டியிருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, இவளாகத்தான் போனாள். இப்படி இவளாகச் செய்ததுதான் அந்த வீட்டில் முக்கால்வாசி. அப்புறம் ஒவ்வொருவராகப் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பட்டணத்தில் குடும்பம் வைத்தார்கள். மாமனார் படுக்கையில் விழுந்து ஒன்பது வருஷம் கிடந்தார். போன வருஷம் போனார். உயிலில் மூன்று பிள்ளைகளின் பெயர்களும் அழகாக இருந்தன. மூத்த மருமகள் பெயர் இல்லை. வேண்டுமென்று விட்டார் என்று சொல்ல முடியாது. நினைவுக்கு வந்திருக்காது, அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு அந்த வீட்டைப் பிடிக்காது. வந்த நாளிலிருந்தே பிடிக்காது. பதினோரு அறை. மாடிக்குப் பதினாலு படி, அத்தனையும் கைவலிக்கத் துடைக்க வேண்டிய மரப்படி. பாத்திரம் கழுவுகிற தொட்டியை எந்தப் புண்ணியவான் கட்டினானோ, முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருந்தான். அவள் முதுகு வளைந்ததற்கு வயது காரணம் இல்லை, அந்தத் தொட்டிதான். கிணற்றிலிருந்து அடுப்படிக்கு நாற்பது எட்டு எடுத்து வைக்க வேண்டும். முப்பது வருஷம் வாளி சுமந்தபின் மோட்டார் வந்தது. சின்னவனின் மனைவி முதல்முறை விடுமுறைக்கு வந்து, ஒரே ஒரு வாளி தூக்கிவிட்டு முகம் சுளித்த வருஷம் அது. பிடிக்காத வீட்டில் ஒருத்தி நாற்பத்திரண்டு வருஷம் ஓடாய்த் தேயலாம், முகம் மாறாமல் தேயலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் வீட்டை விற்கப்போகிறோம் என்று மூவரும் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அண்ணி. நாங்க எதுக்கு இருக்கோம்" என்றான் இன்ஜினியர்.

"எங்க வீடு உங்க வீடு இல்லையா" என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சின்னவன் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். அந்தக் கை போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதே முடிவு செய்துவிட்டாள், சின்னவனோடுதான் போவது என்று. அவனுக்குப் பத்தாவது மாடியில் வீடு. மூன்றே அறை. குழாயைத் திருகினால் தண்ணீர். லிஃப்டில் ஏறி இறங்கலாம். ஒருமுறை போய் இரண்டு நாள் இருந்தபோதே பால்கனி ஓரம் தன் பெட்டியை வைக்க இடம் இருக்கிறதா என்று கண்ணால் அளந்துவிட்டு வந்திருந்தாள். இருந்தது.

மறுவாரம் மூவரும் மறுபடி வந்தார்கள். வாங்குகிறவர்கள் பார்ப்பதற்காக வீட்டைப் பற்றி எழுதி இணையத்தில் போட வேண்டுமாம். சின்னவன் விளம்பரக் கம்பெனியில் இருப்பவன், சோப்புக்கும் சிமெண்டுக்கும் உருகி உருகி எழுதுகிறவன். பெரிய மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டான். இவள் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"கோடையிலும் குளுகுளுன்னு இருக்கும், அதைப் போடு" என்றான் இன்ஜினியர். குளிர்காலத்தில் எலும்பு வரை குளுகுளுவென்று இருக்கும் என்பது அவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை. வேலைக்குப் போனபின் குளிர்காலத்தில் அவன் வந்ததில்லை.

"அடுப்படியில எப்பவும் ஒரு வாசனை இருக்கும்டா. ஸ்கூல் விட்டு வந்தா வாசல் கேட் கிட்ட வர்றப்பவே அடிக்கும்" என்றாள் டீச்சர். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வாசனைக்குப் பின்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. வாசனை தானாக வருவது என்றுதான் அவள் நினைப்பு.

"கிணத்துத் தண்ணி தேன்" என்றான் சின்னவன், தட்டிக்கொண்டே. "அண்ணி, நீங்களும் ஏதாவது சொல்லுங்க. எங்களைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அண்ணி நிஜமாகவே யோசித்தாள். "மாடிக் கதவு மழைல உப்பிக்கும். கொஞ்சம் மேல தூக்கித் தள்ளினாத்தான் தொறக்கும். பின்னறைக் கூரை ஒழுகும், அதுக்கு ஒரு அண்டா வைக்கணும்."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணி, விக்கிறதா வேண்டாமா" என்று சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவளும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அங்கிருந்து கேட்டால் கூடத்துப் பேச்சு காதில் விழும். சிரிப்பு அடங்கி, குரல்கள் தாழ்ந்தன. "அண்ணி" என்று இரண்டு தடவை காதில் விழுந்தது. யார் வீட்டுக்கு அழைத்துப்போவது என்று பேசிக்கொள்கிறார்கள் என நினைத்தாள். பாவம், இவளுக்காகச் சண்டை போட்டுக்கொள்ளப்போகிறார்களே என்று கவலைகூடப் பட்டாள். மறுநாள் கோழிகள் எட்டையும் பக்கத்துத் தோட்டக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். பத்தாவது மாடியில் கோழி வளர்க்க முடியாதல்லவா.

பத்து நாள் கழித்து ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். பட்டணத்துக்காரர்கள். வாரக் கடைசியில் வந்து தங்க ஓர் இடம் வேண்டுமாம். சுற்றிக் காட்டும்படி சின்னவன் போனில் சொல்லியிருந்தான். டாக்டரின் மனைவி கையில் இரண்டு தாள் வைத்திருந்தாள், இணையத்தில் இருந்ததை அச்செடுத்தது. அறை அறையாக நின்று வாசித்துவிட்டுத்தான் பார்த்தாள். நான்கு தலைமுறை சிரித்த கூடம் என்று போட்டிருந்தது. அண்ணி விளக்கைப் போட்டுக் காட்டினாள். அன்பு மணக்கும் சமையலறை என்று போட்டிருந்தது. அண்ணி ஜன்னலைத் திறந்து காட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, பையன் நன்றாகத்தான் எழுதியிருந்தான். கேட்கக் கேட்க இவளுக்கே இப்படி ஒரு வீட்டில் ஒருநாளாவது இருந்து பார்க்கலாம் போலிருந்தது.

கிணற்றடியில் வந்து நின்றதும் டாக்டரின் மனைவி தாளின் அடிப்பக்கத்துக்குப் போனாள். "எல்லாம் பார்த்தாச்சு. இந்த அம்மா மட்டும்தான் பாக்கி. அவங்க எங்க இருக்காங்க?"

"எந்த அம்மா?"

அவள் வாசித்தாள். "வீட்டோடு சேர்ந்தவை: பன்னிரண்டு பேர் அமரும் மர மேஜை, கிணற்று மோட்டார், இரும்பு பீரோ இரண்டு. நாற்பது ஆண்டுகளாக வீட்டைப் பராமரிக்கும் நம்பகமான அம்மையார், விருப்பமிருந்தால் தொடர்வார்."

அண்ணிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்படி ஓர் அம்மையார் இருந்தால் தனக்குத் தெரியாமல் இருக்குமா என்றுதான் முதலில் யோசித்தாள். அப்புறம் புரிந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை இன்னொரு தடவை படிங்க."

படித்தாள்.

"விருப்பமிருந்தாலா? யாருக்கு விருப்பமிருந்தா?"

டாக்டரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்குன்னு நினைச்சோம்" என்றார் டாக்டர்.

"அந்த அம்மா நான்தான்."

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. நல்ல மனிதர்கள். சொந்தக்காரப் பெண்மணி யாரோ சுற்றிக் காட்டுகிறாள் என்று நினைத்திருந்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை.

"சம்பளம் பேசினாங்களா?" என்று கேட்டாள் அண்ணி. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

டாக்டர் செருமினார். "போன்ல உங்க... அவர் சொன்னாரு, சம்பளமெல்லாம் எதிர்பார்க்க மாட்டாங்க, சாப்பாடும் இருக்க இடமும் போதும்னு."

அவள் அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து சின்னவனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க அண்ணி. பிடிச்சிருக்காமா அவங்களுக்கு?"

"என்னையும் சேத்து எழுதியிருக்கியாமே."

"ஆமா அண்ணி" என்றான் சந்தோஷமாக. "உங்ககிட்ட அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். உங்களுக்கு அந்த வீடுன்னா உயிராச்சே. அதை விட்டுட்டு உங்களால இருக்க முடியுமா? நாங்க மூணு பேரும் யோசிச்சுத்தான் செஞ்சோம். வேற யாரு அப்படி யோசிப்பாங்க? நாங்களும் லீவுக்கு வந்து போகலாம். அண்ணி இருக்கிற வரைக்கும் அது நம்ம வீடுதானே."

"நான் உன் வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன்பா."



"தாராளமா வாங்க அண்ணி. பத்து நாள் இருங்க, பதினஞ்சு நாள் இருங்க. அதுக்கு மேல... பத்தாவது மாடி அண்ணி. உங்களுக்கு மூச்சு முட்டும்."

"எனக்கு இந்த வீடு பிடிக்காதுப்பா. என்னைக்குமே பிடிச்சதில்ல."

அவன் சிரித்தான். "கோபத்துல பேசுறீங்க" என்றான். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பொய் சொன்னால் கண்டுபிடித்திருப்பான். உண்மை சொன்னாள், நம்பவில்லை.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். அவளுக்கு வலித்தது. எழுதியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை, சந்தோஷமாகச் சொன்னானே, அதுதான் வலித்தது. போவதற்கு இடம் இருந்தால் அன்றைக்கே போயிருப்பாள். பிறந்த வீடு எப்போதோ கைமாறிவிட்டது. அறுபத்துமூன்று வயதில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கிணற்றடிக்குத் திரும்பி வந்தாள்.

"இருக்கேன். ஆனா மாசாமாசம் சம்பளம் வேணும். வாரத்துல ஒருநாள் லீவு வேணும். மாடில முன்னறை எனக்கு வேணும்."

"இதுல என்னம்மா இருக்கு" என்றாள் டாக்டரின் மனைவி உடனே. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நாற்பத்திரண்டு வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்று அண்ணிக்குத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

வீடு கைமாறியது. அண்ணி அங்கேயே இருக்கச் சம்மதித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு மூவரும் பூரித்துப்போனார்கள். "நான் சொன்னேன்ல, அவங்களால அந்த வீட்டை விட முடியாது" என்று டீச்சர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

டாக்டரின் மனைவி முதல் மாதம் ஒரே ஒருநாள் தொட்டியில் பாத்திரம் கழுவிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரமே கொத்தனார் வந்து தொட்டியை ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார். அண்ணி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். ஒரு கொத்தனார், ஒரு மத்தியானம். இவ்வளவுதானா?

விடுமுறை வந்தது. ஒரு காலையில் கேட்டுக்கு வெளியே கார் நின்றது. சின்னவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் டீச்சர். துணிப்பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் மனைவியும் பட்டணத்தில் இருந்தார்கள். உங்க ஆளுங்க எப்ப வந்தாலும் நாலு நாள் தங்கிட்டுப் போகட்டும் என்று போகும்போதே அவர்கள் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்தாள். கொக்கியின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"முதலாளி ஊர்ல இல்லீங்க. அவங்க இல்லாதப்ப யாரையும் உள்ள விடறதில்ல."

சின்னவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அண்ணி, நாங்கதான்."

"தெரியுது" என்றாள். "அவங்க வந்ததும் சொல்றேன். யார் வந்தாங்கன்னு சொல்லட்டும்?"