அவர் தேர்ந்தெடுத்த முலாம்பழம்

என் கணவர் சவுதி வேலையை விட்டுவிட்டு ஆலங்குடிக்குத் திரும்பியதும், கொல்லையில் என்ன விதைப்பது என்பதைத் தானே தீர்மானிக்கத் தொடங்கினார். அதுவரை நான் வெண்டை, கொத்தவரை, கத்தரி என்று அன்றாடச் சமையலுக்கு ஆகிற செடிகளைத்தான் வைத்திருந்தேன். அவருக்கு அவையெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. போனில் படம் பார்த்து மஞ்சள் தர்பூசணி, மெல்லிய தோல் முலாம்பழம் என்று விதைகளை வரவழைத்தார். பாக்கெட்டைப் பிரித்தால் விதைகள் மேல் ரோஸ் நிற மருந்துப் பூச்சு. அது ஒட்டிய விரல்களோடு முறுக்கை எடுத்துக் கடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“தோல் கெட்டியா இருக்குற ரகமாப் பாருங்க. நம்ம கொல்லையில பழ ஈ ஜாஸ்தி. போன கோடையில பாகக்கா பூராம் புழு வச்சுப் போச்சு” என்றேன்.

“தோலையா திங்கப் போறோம்? அங்கிட்டு நான் தின்ன பழத்தை நீ கண்ணால பாத்திருக்க மாட்டே.”

தை மாதம் விதைத்தோம். கொடி நன்றாகத்தான் படர்ந்தது. பிஞ்சுகள் எலுமிச்சை அளவு இருக்கும்போதே அங்கங்கே ஈ முட்டை வைத்த, ஊசி குத்தினாற்போன்ற புள்ளியும் அதில் பிசினும் தெரிந்தன. நான் பிஞ்சுகளுக்குத் துணி சுற்றிக் கட்டினேன். போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று அவர் அவிழ்த்துப் போட்டார். அந்தப் போட்டோவை இலுப்பூரில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பி, பழம் தின்ன வரச் சொன்னார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அவர் கணவரும் வந்தார்கள். என் கணவர் இருப்பதிலேயே பெரிய பழத்தைப் பறித்து அடுப்படிக்குக் கொண்டுவந்து அறுத்தார். வெளியே பொன் நிறம். உள்ளே பாதி கூழாகியிருந்தது. ஊசிய சோற்றின் புளித்த வாடை. அந்தக் கூழுக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. சில உடம்பை வளைத்துத் துள்ளி மேடையில் விழுந்தன. 

“தூக்கிப் போடுங்க” என்றேன்.

“சத்தம் போடாதே. இந்தப் பக்கம் நல்லாத்தான இருக்கு.”

கரண்டியால் கூழைச் சுரண்டி எறிந்தார். மிச்சத்தை மிக்சியில் போட்டுச் சர்க்கரையும் பாலும் சேர்த்து அடித்தார். பிறகு டீ வடிகட்டியில் வடித்தார். வடிகட்டியில் தங்கியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு அதைத் தட்டிக் கொட்டினார். டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் மேடையில் கிடந்த புழுக்களைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.

நான் கூடத்துக்கு வந்தபோது அவர் மச்சான் குடித்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அருமையா இருக்கும்மா. இன்னொரு டம்ளர் இருக்கா?”

என் கணவர் எழப்போனார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் சேர்ந்து ஊற்றிக் கொடுத்த மாதிரிதான் என்று தோன்றியது.

“வேணாம் அண்ணே. அது புழு வச்ச பழம். அண்ணி, நீங்களும் குடிக்காதீங்க” என்றேன்.

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது. அவர் அக்கா தன் தம்பியை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. என்னைத்தான் முறைத்தார்.

“சொல்லாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதுல்ல? மனுசன நிம்மதியா இருக்க விடுறியா நீ?”

எனக்குப் புழுவைப் பார்த்தபோது வராத அருவருப்பு அப்போது வந்தது.

அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் நிற்காமல் கிளம்பிப் போனார்கள். வடிகட்டியைக் குப்பையில் போட்டேன். மிக்சி ஜாரைக் கொதிக்கும் நீர் ஊற்றிப் பலமுறை கழுவியும் அதில் சட்னி அரைக்கக் கை வரவில்லை. கடைசியில் வேறு ஜார் வாங்கினேன். கொடிகளை வேரோடு பிடுங்கி, பழங்களை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். அவர் வாசலில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடைக்கு விதையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வெண்டை, கொத்தவரையோடு ஒரே ஒரு குழியில் நாட்டு வெள்ளரிப்பழம். நாட்டு ரகம் என்று ஈ விட்டுவைக்காது. பிஞ்சு ஒவ்வொன்றுக்கும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டினேன். முதல் பழம் வெடித்ததும் கொல்லையில் வைத்தே பிளந்து பார்த்தேன். மாவு மாவாக, சுத்தமாக, வாசனையோடு இருந்தது. ஒரு துண்டை வாய்வரை கொண்டுபோனேன். முடியவில்லை.

அவர் வெல்லத்தைத் தூவி முழுப் பழத்தையும் தின்றார். சாறு தாடையில் வழிய, “நல்ல ரகம்” என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.