'அடுத்த' என்பதை 'இன்னைக்கு' ஆக்கும் விதி

இன்று பக்கத்து வீட்டு கோமதி லேப்டாப்பில் விதி எழுதி அல்ஜீப்ரா கணக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"விதி ஒண்ணு எழுதிட்டா, அதுல சொன்ன அமைப்பு எங்க வந்தாலும் கம்ப்யூட்டரே மாத்திரும் தாத்தா. நடுவுல எது இருந்தாலும் சரி."

"அப்பம் எனக்கும் ஒண்ணு எழுதுட்டி. 'அடுத்த'ன்னு தொடங்கி 'வாரேன்'னு முடிஞ்சா, 'இன்னைக்கு வாரேன்'னு மாத்து."

மகள் வீட்டுக்குப் போன என் சம்சாரம் எட்டு மாதமாக அனுப்பிய மெசேஜையெல்லாம் அந்த விதியில் போட்டோம். அடுத்த வாரம், அடுத்த மாசம், அடுத்த பொங்கல், எல்லாமே 'இன்னைக்கு வாரேன்' ஆகிவிட்டன.

அதை அவளுக்கே அனுப்பினேன்.

"கிழவனுக்குக் கொழுப்பப் பாரு. அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வாரேன்" என்று பதில் வந்தது.

அதையும் விதியில் போட்டோம். இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டேன்.

கூடச் சாப்பிட வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். 'அடுத்த' என்று தொடங்கினாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்கிறேன்.