கராம்புக் கொப்பு

குண்டசாலையில் எங்கள் வீட்டு வளவுக்குள் இரண்டு கராம்பு மரங்கள் நிற்கின்றன. கராம்புக் கொப்பு சட்டென்று முறியும், பெரியவர்களைத் தாங்காது. தேயிலைத் தோட்டச் சம்பளம் போதாமல் பன்விலயிலிருந்து மொட்டுப் பறிக்க வரும் செல்வி, மகள் கவிதாவைத்தான் மரத்தில் ஏற்றுவாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட நாளிலும் வருவாள். நான் ஏனென்று கேட்டதில்லை.

போன வருஷம் மதியம் சோறு கொடுத்தேன். கவிதா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

“வடிவாச் சாப்பிடு பிள்ளை.”

“போதும் ஆன்ட்டி. எடை கூடினா கொப்பு தாங்காது.”

“தாங்காட்டி ஏறத் தேவையில்லை. நல்லதுதானே?”

“அப்புறம் தம்பிய ஏத்துவாங்க. அவனுக்கு உசரம்னா பயம்.”

செல்வி தலை நிமிராமல், கீழே சிந்திய மொட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் தம்பியும் கூட வந்தான். தின்னாமல் இருந்தும் கவிதா நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். அவன் கையை அவள் விடவே இல்லை.

“இனிப் பறிக்கிறேல்லை, செல்வி. பூத்துக் கொட்டட்டும்,” என்றேன், ஏதோ பெரிய புண்ணியம் செய்கிற நினைப்பில்.

“அப்ப வேற வளவு பாக்கிறோம்ங்க,” என்று பிள்ளைகளோடு திரும்பி நடந்தாள்.

அந்தப் பையனை நான் ஏறவிடாமல் தடுத்தது என் மரத்தில் மட்டுந்தான்.